வன்தட்டும் வாணிகப் பெயரும்

சென்ற ஆடித் திங்களில், தபசுத் திருவிழாவின் கூட்டம் கலைந்த சில நாட்களுக்குப் பின், நாம் சங்கரன்கோவிலுக்குச் செல்ல நேர்ந்தது. இம்மலரில் வெளியிடுவதற்குப் பழைய படங்கள் சில வேண்டியிருந்தன. நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் அவ்வூரில் புகைப்பட நிலையம் நடத்தி வருகிறார். கல்லூரி விழாக்கள் பலவற்றைக் கூலி வாங்காமலே படம் எடுத்துத் தந்தவர். "எல்லாம் பத்திரமாக இருக்கிறது, சார். வந்து வேண்டியதைப் பொறுக்கிக் கொள்ளுங்கள்" என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். நாம் போய்ச் சேர்ந்த காலையில் அவர் முகம் வாடியிருந்தது. கடைத்தெருவில் ஹார்ட் டிஸ்க் என்று வழங்கும் வன்தட்டு, அவருடைய கணிப்பொறியில் முந்தின இரவு நின்றுபோயிற்று. மேசைமேல் கையகலமான ஓர் உலோகப் பெட்டி கிடந்தது. மின்சாரம் கொடுத்தால் உள்ளே பல்லி சொல்வதுபோல் ஓர் ஒலி. சற்று நேரத்தில் அதுவும் இல்லை. பதினோர் ஆண்டுத் திருமணங்களும் சடங்குகளும் காதுகுத்துகளும், அவற்றோடு நம் கல்லூரி விழாக்களும் அதனுள் இருந்தன.

நாம் அங்கிருக்கும்போதே ஓர் அம்மையார் வந்தார். கழுகுமலைச் சாலையிலுள்ள சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். கணவர் இறந்து பதினாறாம் நாள் நெருங்குகிறது. சட்டமிட்டு மாட்ட ஒரு படம் வேண்டும். தம்பி திருமணத்தில் இந்நிலையத்தார் எடுத்த படம் ஒன்றில் அவர் நன்றாகச் சிரித்திருப்பார்; அதைப் பெரிதாக்கித் தரவேண்டும் என்று கேட்டார். வீட்டிலிருந்த ஆல்பம் மழை ஒழுக்கில் நனைந்து ஒட்டிக்கொண்டதாம். நண்பர், "நாலு நாள் கழித்து வாருங்கள், அக்கா" என்று மட்டும் சொன்னார். அம்மையார் போன பின் அவர் நெடுநேரம் வாய் திறக்கவில்லை.

அதே வீதியில் கணிப்பொறி பழுது பார்க்கும் இளைஞரை அழைத்தோம். அவர் பெட்டியின்மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்த மாத்திரத்தில், "இந்தக் கம்பெனித் தட்டா? வாங்காதீர்கள் என்று அன்றைக்கே சொன்னேனே, அண்ணாச்சி" என்றார். சான்றாகத் தம் கடை அலமாரியைக் காட்டினார். செத்த தட்டுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. பெரும்பாலானவை அக்கம்பெனியின் பெயர் தாங்கியவையே. மாலையில் பேருந்து நிலையத்தருகே மற்றொருவரிடம் கேட்டோம். அவர் அதே கம்பெனியைப் புகழ்ந்து, அதன் போட்டிக் கம்பெனியை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். அவரிடமும் ஓர் அலமாரி இருந்தது. இவ்விரு கம்பெனிகளின் பெயரையும் இங்கு எழுதாமல் விடுகிறோம். காரணம் போகப் போக விளங்கும்.

கடல் கடந்த தேசங்களில் செய்யப்படும் ஒரு பண்டத்தின் நற்பெயர் சங்கரன்கோவிலில் இரண்டு அலமாரிகளைக் கொண்டு நிறுக்கப்படுகிறது. அந்த நிறுவை சரியன்று என்பது நம் கருத்து. ஆயினும் குற்றம் அலமாரிக்காரர்மேல் இல்லை. சரியான படிக்கல்லை உற்பத்தியாளர் தம்மிடமே மறைத்து வைத்திருப்பதனால், மக்கள் கைக்குக் கிடைத்த கல்லை இட்டு நிறுக்கிறார்கள். இதனையே ஈண்டுச் சற்று விரித்துரைப்போம்.

முதற்கண் அப்பெட்டியினுள் நடப்பது யாதெனப் பார்ப்போம். முதல் வன்தட்டை ஐ.பி.எம். கம்பெனி 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அதில் இருந்தன. எடை ஒரு டன்னுக்கு மேல். அவ்வளவிலும் அடங்கியவை 50 இலட்சம் எழுத்துகளே. இன்றைய பெட்டி ஒரு கையில் அடங்குகிறது. அது கொள்வதோ அதனினும் பல இலட்சம் மடங்கு. மேசைக் கணிப்பொறியிலுள்ள தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்வது. அதன் விளிம்பு மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது என்பதை நம் மாணவர்களே கணக்கிட்டு அறியலாம். எழுதவும் படிக்கவும் உதவும் முனை, அத்தட்டைத் தொடாமல், சுழற்சியால் எழும் காற்றின்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமயிர் ஒன்றின் பருமன் அவ்விடைவெளியைப்போல் பல்லாயிரம் மடங்கு. அங்கே ஒரு புகைத்துகளும் மலையாகும். இத்துணை நுட்பமான பொறி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைப்பதே வியப்பு. அவற்றுள் சில நின்றுபோவது வியப்பன்று.

வியப்பன்று என்றாலும், அந்த நிற்றல் மற்றப் பொறிகளின் நிற்றலைப் போன்றதும் அன்று. 1937ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு ஆகியோர் மின் மோட்டாரை உருவாக்கியது முதல், நம் கரிசல் காட்டுக் கிணறுகள்வரை கோயம்புத்தூர் மோட்டார்கள் இறங்கியுள்ளன. மோட்டாரில் காயில் கருகினால் வெளியே எடுத்துக் கட்டக் கொடுக்கிறார்கள்; நாலைந்து நாள் தண்ணீர் இல்லை; செலவும் உண்டு; ஆனால் மோட்டார் திரும்பி வந்தவுடன் கிணற்றுத் தண்ணீர் முன்போல் மேலே வருகிறது. கிணறு மோட்டாருக்குள் இருப்பதில்லை. வன்தட்டிலோ கிணறே பெட்டிக்குள் இருக்கிறது. உத்தரவாதக் காலத்துக்குள் செத்தால் கம்பெனி புதுப் பெட்டி தருகிறது; அது வெறும் பெட்டி. அந்த அம்மையாரின் கணவர் அதில் இரார். இப்பண்டத்தைச் செய்வோர் பெயர் ஒருமுறை கெட்டால் மக்கள் எளிதில் மன்னியாததற்குக் காரணம் இதுவே.

அவ்வாறு கெட்ட பெயர்களுள் மிகப் பெரியது, வன்தட்டைக் கண்டுபிடித்த ஐ.பி.எம். கம்பெனியின் பெயரே. 2000ஆம் ஆண்டில் அக்கம்பெனி 'டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி' என்ற வன்தட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அலுமினியத்துக்குப் பதிலாகக் கண்ணாடித் தட்டுகள், வேகம் மிகுதி, கொள்ளளவும் அந்நாளில் மிகப் பெரிது. நிபுணர்கள் பாராட்டினர், மக்கள் வாங்கினர். ஓராண்டு ஆவதற்குள் அவை கூட்டம் கூட்டமாக நின்றுபோயின. மேசையைக் குறிக்கும் 'டெஸ்க்' என்ற சொல்லை நீக்கி, மரணத்தைக் குறிக்கும் 'டெத்' என்ற சொல்லை இட்டு, 'டெத்ஸ்டார்' என்று உலகம் அதற்கு மறுபெயர் சூட்டியது. ஒரு திரைப்படத்தில் உலகங்களையே அழிக்கும் கோளம் ஒன்றின் பெயரும் அதுவே ஆதலின், அந்தப் பட்டப்பெயர் பசைபோல் ஒட்டிக்கொண்டது. 2001ஆம் ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியாவில் வாங்கினோர் சார்பில் வழக்குத் தொடரப்பட்டது. சில ஆண்டு நடந்து சமரசத்தில் முடிந்தது. 2002ஆம் ஆண்டில் ஐ.பி.எம். தன் வன்தட்டுத் தொழில் முழுவதையும் ஜப்பானிய ஹிட்டாச்சி கம்பெனிக்கு 205 கோடி டாலர் விலைக்கு விற்க உடன்பட்டது. விற்பனைக்கு இலாபக் குறைவு முதலிய வேறு காரணங்களும் உண்டு. அப்பட்டப்பெயர் ஒன்றே காரணம் என்று நாம் சொல்லத் துணியோம். ஆயினும் தான் பெற்று நாற்பத்தாறு ஆண்டு வளர்த்த பிள்ளையை அக்கம்பெனி இத்தகைய பெயரோடுதான் பிறர் கையில் கொடுக்க வேண்டியதாயிற்று.

இதன் பின் நடந்ததே நமக்கு வேண்டிய பாகம். ஹிட்டாச்சியார் டெஸ்க்ஸ்டார் என்ற பெயரை மாற்றவில்லை. அமெரிக்காவில் பேக்பிளேஸ் என்ற கம்பெனி ஒன்றுண்டு. பிறருடைய பதிவுகளைக் கட்டணத்துக்குப் பாதுகாத்துத் தருவது அதன் தொழில். பல்லாயிரம் வன்தட்டுகளை இரவு பகலாக ஓட்டி வரும் அக்கம்பெனி, எந்த உற்பத்தியாளரின் எந்த மாடலில் எத்தனை செத்தன என்ற கணக்கை 2014ஆம் ஆண்டு ஜனவரியில் யாவரும் காண வெளியிட்டது. அதில் மிகக் குறைவாகப் பழுதுற்றவை ஹிட்டாச்சித் தட்டுகள். அவற்றுள் டெஸ்க்ஸ்டார் என்ற பெயர் பூண்டவையும் இருந்தன! மரணத் தாரகை என்று பழிக்கப்பட்ட பெயரே, பன்னிரண்டு ஆண்டுக்குப் பின் நீண்ட ஆயுளுக்குச் சான்றாக நின்றது. 2001ஆம் ஆண்டுப் பட்டப்பெயரை நினைவில் வைத்துக்கொண்டு 2012ஆம் ஆண்டில் அதனை வாங்காது விட்டவர், அந்நாளில் கிடைத்தவற்றுள் நல்லதொன்றை விட்டவராவார்.

பெயர் தவறு செய்தவனை விட்டு வேறொருவன்மேல் விழுவதும் உண்டு. ஏறத்தாழ அதே காலத்தில் ஜப்பானிய ஃபுஜிட்சு கம்பெனியின் மேசைக் கணிப்பொறித் தட்டுகள் பெருந்தொகையாகப் பழுதுற்றன. ஆராய்ந்தபோது குற்றம் தட்டிலும் இல்லை, முனையிலும் இல்லை. அடியிலிருந்த மின்பலகையில் பொருத்திய ஒரு சில்லில் இருந்தது. அச்சில்லைச் செய்தது சிர்ரஸ் லாஜிக் என்ற மற்றொரு கம்பெனி. அதற்கும் மேலே போனால், சில்லைப் பொதிந்த பிசின் மூன்றாவதொரு கம்பெனியின் சரக்கு. அப்பிசின் எளிதில் தீப்பற்றாதிருக்கச் செம்பாஸ்பரஸ் சேர்க்கப்பட்டிருந்தது. நம் கோவில்பட்டியிலும் சிவகாசியிலும் தீப்பெட்டியின் பக்கவாட்டில் பூசப்படுகிறதே, அதே பொருள்தான். தீக்குச்சியை எரிய வைப்பது, பிசினில் தீயைத் தடுப்பதற்கும் பயன்படுகிறது. ஆனால் வெப்பமும் காற்றின் ஈரமும் சேர்ந்தபோது அது அமிலமாகி, உள்ளேயிருந்த நுண்ணிய உலோகக் கம்பிகளுக்கிடையே மின்சாரம் கசிய வழி செய்தது. கம்பெனிகள் ஒன்றன்மேலொன்று வழக்காடின. வாங்கியவருக்குத் தெரிந்தது மேல்சீட்டில் அச்சிட்டிருந்த ஃபுஜிட்சு என்ற பெயர் ஒன்றே. பிசின்காரரின் பெயரை எந்த ஊர் அலமாரியும் சொல்லாது.

மேல்சீட்டுப் பெயரும் நிலையானதன்று. இந்தியாவில் பிறந்த ஜுகி டாண்டன் என்பவர் அமெரிக்காவில் நிறுவிய டாண்டன் கம்பெனி தட்டுப் பொறிகள் செய்து புகழ் பெற்றிருந்தது; 1988ஆம் ஆண்டில் அதன் வன்தட்டுத் தொழிலை வாங்கியே வெஸ்டர்ன் டிஜிட்டல் இத்துறைக்குள் புகுந்தது. குவாண்டம் கம்பெனியின் தொழிலை மேக்ஸ்டர் வாங்கியது. 2006இல் மேக்ஸ்டரை சீகேட் வாங்கியது. 2011இல் சாம்சங்கின் வன்தட்டுத் தொழிலையும் அதுவே வாங்கியது. ஃபுஜிட்சுவின் தொழில் தோஷிபாவுக்குப் போயிற்று, ஐ.பி.எம்.மிடமிருந்து ஹிட்டாச்சிக்கு வந்தது 2012இல் வெஸ்டர்ன் டிஜிட்டலுக்குச் சென்றது. ஒருகாலத்தில் பற்பலவாயிருந்த உற்பத்தியாளருள் இன்று எஞ்சியோர் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா ஆகிய மூவரே. மூவருள் ஒருவரை ஒரு கசப்பான அனுபவத்தால் தள்ளியவர், மற்றொருவரிடம் அதே அனுபவம் பெற்றால், பிறகு போவதற்கு ஒரு கடையே மிச்சம்!

பெயரை நம்பலாகாது எனின், எதனை நம்புவது? இதற்கு விடையைச் சங்கரன்கோவில் நெசவாளரிடமே கேட்கலாம். அவ்வூரில் எத்தெருவில் நடந்தாலும் விசைத்தறியின் ஓசை காதில் விழும். சேலை நெய்விக்கும் பெரியவர் ஒருவரை அன்று மாலை கண்டோம். நூல் மோசமாக வந்தால் அந்த ஆலையை விட்டுவிடுவீர்களா என்று கேட்டோம். அவர் சிரித்தார். நூல் பெட்டியின்மேல் லாட் எண் என்று ஒன்று இருக்கிறது. ஒரே ஆலை, ஒரே கவுண்ட், ஆனால் லாட் மாறினால் சாயம் பிடிக்கும் வகை மாறும். இரண்டு லாட் நூலைக் கலந்து ஓட்டினால் சேலையில் பட்டை பட்டையாக நிறம் விழும். ஆகவே அவர் ஆலையை வைவதில்லை, லாட்டைக் குறித்துக்கொள்கிறார், கெட்ட லாட்டைத் திருப்புகிறார், திருப்ப மறுக்கும் ஆலையையே விடுகிறார். வன்தட்டைப் பற்றி நாம் சொல்ல நினைப்பது முழுவதையும் அப்பெரியவர் நான்கு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். எனினும் அவருக்குள்ள வசதி நமக்கில்லை. அவர் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான பெட்டி நூல் வாங்குகிறார். எனவே எந்த லாட் கெட்டதென்று தாமே அறிகிறார். நாமோ நாலைந்து ஆண்டுக்கு ஒரு வன்தட்டு வாங்குகிறோம்.

அந்நிலையில் அலமாரியை நம்புவது எத்துணைப் பிழையென்று ஒரு சிறு கணக்கால் காட்டலாம். இரண்டு கம்பெனிகளின் தட்டுகள் தரத்தில் முற்றிலும் சமம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று மற்றதைப்போல் இரு மடங்கு விற்கிறது. பழுது பார்ப்பவரிடம் வரும் 30 செத்த தட்டுகளில் 20 முதல் கம்பெனியினுடையவாகவே இருக்கும். அதிகம் விற்றதென்பது அவர் கண்ணில் அதிகம் செத்ததாகப் படுகிறது. உயிரோடு ஓடிக்கொண்டிருப்பவை அவர் கடைக்கு வருவதில்லை. இன்னொன்று: எந்தத் தட்டும் ஆண்டுக்கு நூற்றுக்கு மூன்று வீதம் நிற்கும் என்று கொண்டால், நான்கு தட்டுகளை ஐந்தாண்டு வைத்திருப்பவர் ஒன்றையேனும் இழப்பதற்குரிய வாய்ப்பு ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. புகைப்பட நிலையத்து நண்பருக்கு நேர்ந்தது அவருடைய கம்பெனியின் கயமை என்று சொல்ல அந்த ஒரு தட்டு போதாது.

நூற்றுக்கு மூன்று என்பது நாம் புனைந்த எண்ணன்று. உற்பத்தியாளர் தம் விளம்பரச் சீட்டில் 10 இலட்சம் மணி நேரம், 15 இலட்சம் மணி நேரம் என்று சராசரி ஆயுள் குறிக்கிறார்கள். 10 இலட்சம் மணி என்பது 114 ஆண்டு. பேரன் காலம்வரை ஓடும் என்று எளியோர் மயங்கக் கூடும். அதன் உண்மைப் பொருள், ஆயிரம் தட்டுகளை ஓராண்டு ஓட்டினால் ஏறக்குறைய ஒன்பது நிற்கும் என்பதே. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியான்கா ஷ்ரோடர், கார்த் கிப்சன் என்ற இருவர் ஏறத்தாழ ஓரிலட்சம் தட்டுகளின் வரலாற்றை ஆராய்ந்து 2007ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சீட்டின்படி ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக மாற்ற வேண்டியவற்றை, உண்மையில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்குவரை மாற்ற நேர்ந்தது. சில இடங்களில் பதின்மூன்றுவரை போயிற்று. அதே ஆண்டில், அதே மாநாட்டில், கூகுள் கம்பெனியாரும் தம்முடைய ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட தட்டுகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தனர். பழுதுக்கு முன் தட்டு தானே காட்டும் அறிகுறிகளுள் முக்கியமான நான்கில் ஒன்றையும் காட்டாமலே பாதிக்கு மேற்பட்டவை நின்றுபோயின என்ற செய்தி அதில்தான் உள்ளது. பழுதின் வீதம் உற்பத்தியாளரையும் மாடலையும் பொறுத்து மாறுகிறது என்றும் அவர்கள் எழுதினர். ஆனால் எந்த உற்பத்தியாளர், எந்த மாடல்? அது வெளியிடத்தக்கதன்று என்று சொல்லிவிட்டனர். விருந்தில் ஒரு பண்டம் நஞ்சுடையது என்று சொல்லி, எந்தப் பண்டம் என்பதைச் சொல்லாமல் எழுந்து போனதுபோல் இது நமக்குத் தோன்றுகிறது.

ஆதலினால்தான் பேக்பிளேஸ் கம்பெனியின் செயலைப் பெரிதாக மதிக்கிறோம். அவர்கள் கணக்கில் குறையில்லையென்று நாம் வாதிக்கவில்லை. 2011ஆம் ஆண்டு அக்டோபரில் தாய்லாந்தில் பெருவெள்ளம் புகுந்து வன்தட்டுத் தொழிற்சாலைகள் மூழ்கின. விலை ஏறக்குறைய இரட்டித்தது. அப்போது அக்கம்பெனியார் சில்லறைக் கடைகளில் விற்ற வெளித்தட்டுகளை வாங்கி, மேலோட்டை உடைத்து, உள்ளிருந்ததை எடுத்துப் பெருங்கூட்டமாக அடுக்கி ஓட்டினர். வீட்டு உபயோகத்துக்குச் செய்ததை அதிர்வும் சூடும் மிகுந்த கூடத்தில் வைத்து வருத்திவிட்டு, செத்தது என்று சொல்வது நியாயமா என்று கேட்டவர்கள் உண்டு, கேள்வி சரியானதே. அவர்கள் வாங்கிய சீகேட்டின் 3 டெராபைட் மாடல் ஒன்று மிகுதியாகப் பழுதுற்றதாகக் கணக்கு காட்டியது. 2016ஆம் ஆண்டில் அம்மாடலைப் பற்றி அமெரிக்காவில் வழக்கும் எழுந்தது. ஆனால் அதே பேக்பிளேஸ் அதன் பின்பும் சீகேட்டின் 4 டெராபைட் தட்டுகளை ஆயிரக்கணக்கில் வாங்கியது. அவை நன்றாக ஓடின என்றும் அதே பக்கத்தில் எழுதியது. மாடலை விட்டார்கள், கம்பெனியை விடவில்லை. சங்கரன்கோவில் பெரியவர் லாட்டை விட்டு ஆலையை விடாததும் இதுவே. கணக்குக் கையிலிருப்பவன் கோபிக்க வேண்டியதில்லை.

கணக்கு ஒருபுறமிருக்க, பெயருக்கு உரிய மற்றொரு பாகம் நடத்தை. 2008ஆம் ஆண்டின் இறுதியில் சீகேட்டின் பராக்குடா 7200.11 வகைத் தட்டுகள், உள்ளே பொதிந்த நிரலில் இருந்த பிழையால், கணிப்பொறியை எழுப்பும்போதே எழாமற் போயின. பதிவுகள் அழியவில்லை, ஆனால் எட்டவில்லை. 2009 ஜனவரியில் கம்பெனி பிழையை ஒப்புக்கொண்டு திருத்திய நிரலை வெளியிட்டது. அவசரத்தில் செய்த அத்திருத்தமே சில தட்டுகளைக் கெடுத்தது. அதனையும் திரும்பப் பெற்று மறுபடி வெளியிட நேர்ந்தது. ஏளனம் மிகுந்த வேளைதான். ஆனால் பாதிக்கப்பட்டோருடைய பதிவுகளைக் கட்டணமின்றி மீட்டுத் தருவதாகவும் கம்பெனி அறிவித்தது. வெறும் பெட்டிக்குப் பதிலாகக் கிணற்றைத் திருப்பித் தர முன்வந்த அறிவிப்பு இது. நாம் அதனை அக்கம்பெனியின் வரவில்தான் எழுதுகிறோம். இதற்கு மாறாக 2020ஆம் ஆண்டில் வெஸ்டர்ன் டிஜிட்டல், பலர் சேர்ந்து பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டிகளுக்கென விற்ற சில தட்டுகளில், ஓடு வேய்வதுபோல் ஒரு வரிமேல் மறு வரி படிய எழுதும் முறையைச் சொல்லாமலே புகுத்தியிருந்தது வெளிப்பட்டது. அம்முறை ஒரு குற்றமன்று; இடம் மிச்சமாகும்; திருத்தி எழுதும் வேகம் குறையும். சொல்லாததே குற்றம். தட்டு சாகாமலே பெயர் காயப்பட்டது.

2011 டிசம்பரில், வெள்ளத்தின் ஈரம் காயுமுன், சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல் என்ற இரு பெரிய கம்பெனிகளும் தம் சாதாரணத் தட்டுகள் பலவற்றுக்கு உத்தரவாதக் காலத்தைக் குறைத்தன. மூன்றாண்டும் அதற்கு மேலும் இருந்தவற்றுள் சில இரண்டாண்டாகவும், சில ஓராண்டாகவும் ஆயின. தன் பண்டத்தைப் பற்றி ஒரு கம்பெனி உண்மையில் என்ன நினைக்கிறது என்பதை 114 ஆண்டு என்ற எண்ணில் தேடுவதைவிட இந்த ஓராண்டில் தேடுவது நலம்.

ஆகவே நாம் கேட்பது இது. திருப்பி வந்த தட்டுகளின் கணக்கு ஒவ்வோர் உற்பத்தியாளரிடமும் மாடல் வாரியாக, மாத வாரியாக இருக்கிறது. இல்லாமல் உத்தரவாதம் நடத்த முடியாது. அதனை ஆண்டுக்கொருமுறை வெளியிடுமாறு அரசாங்கம் பணிக்க வேண்டும். போட்டியாளர் பயன்படுத்திக் கொள்வார் என்பர். மூவரும் வெளியிட்டால் எவரும் தனியே இழப்பதில்லை. மக்கள் தவறாகப் புரிந்துகொள்வர் என்பர்; அலமாரியைப் பார்த்து இன்று புரிந்துகொண்டிருப்பதைவிடத் தவறாகப் புரிந்துகொள்ள இயலாது.

அரசாங்கம் அசையும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. நம் கல்லூரி ஆய்வுக்கூடங்களிலும் அலுவலகத்திலும் நூலகத்திலுமாக எத்தனையோ தட்டுகள் ஓடுகின்றன. ஒன்று நின்றால் பழைய இரும்போடு போகிறது. எந்த மாடல், எத்தனை நாள் ஓடிற்று என்பதை எழுதி வைப்பார் இல்லை. கணிப்பொறித் துறை மாணவர்கள் ஒரு பதிவேடு தொடங்கலாம். ஒரு கல்லூரியின் எண் சிறிது; ஒன்றும் நிரூபியாது என்பதை நாமே மேலே கணக்கிட்டுக் காட்டிவிட்டோம். தென்பாண்டி நாட்டுக் கல்லூரிகள் பத்து சேர்ந்தால் ஆயிரங்கள் ஆகும். நம் வெயிலிலும் தூசியிலும் மின்வெட்டிலும் ஓடியவற்றின் கணக்காகவும் இருக்கும். அமெரிக்கக் கூடங்களின் கணக்கில் இவை இல்லை. இரண்டு பிரதி வைத்திருப்போர் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாடலில் இரண்டு தட்டு வாங்காதிருக்க வேண்டும் என்பதையும் இடையே சொல்லி வைக்கிறோம். ஒரே லாட்டின் பிழை இரண்டிலும் இருக்கக் கூடும்.

சங்கரன்கோவில் நண்பர் தம் தட்டைச் சென்னையிலுள்ள பதிவு மீட்போருக்கு அனுப்பியுள்ளார். அவர்கள் கேட்கும் தொகைக்கு எட்டுப் புதுத் தட்டுகள் வாங்கலாம். இம்மலர் அச்சுக்குப் போகும்வரை விடை வரவில்லை. அம்மையாருக்கு மணமகன் வீட்டார் கைப்பேசியில் கிடைத்த ஒரு சிறு படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தாராம். முகம் சற்று மங்கல். நாம் கேட்ட கல்லூரி விழாப் படங்கள் இவ்வாண்டு இம்மலரில் இடம்பெறாததற்கும் காரணம் இதுவே.

பழைய மாணவர்கள் தம்மிடம் நின்றுபோன தட்டு இருப்பின், மேல்சீட்டிலுள்ள மாடல் எண், செய்த மாதம், வாங்கிய நாள், நின்ற நாள், உத்தரவாதத்தில் கொடுத்திருந்தால் எத்தனை நாளில் மாற்றிக் கிடைத்தது, கம்பெனியார் என்ன சொன்னார்கள் என்பவற்றை எழுதி மலர்க் குழுவுக்கு அனுப்புமாறு வேண்டுகிறோம். இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் தட்டுகளின் விவரத்தையும் அவ்வாறே அனுப்ப வேண்டும். அவை இல்லாவிடில் நம் பதிவேடும் மற்றோர் அலமாரியாகிவிடும். சங்கரன்கோவில் நண்பர் தம்முடைய தட்டுகள் நான்கின் விவரத்தையும் அனுப்பிவிட்டார். அவற்றுள் மூன்று இன்றும் ஓடுகின்றன.